படத்தின் நடுவில் நின்றவள்

நம் வயதுக்காரிகளிடம் சொன்னால்தான் இது எடுபடும். நாற்பது எட்டிப் பார்க்கிறது, தலைக்கு மருதாணி போடாமல் கல்யாண வீட்டுக்குப் போக முடியவில்லை, அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் நாமெல்லாம் கயிறு தாண்டிய காலம். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகும். இரும்பு வாடை நாக்கில் ஒட்டும். உங்களுக்கு அந்தக் கோடை நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு மறக்காது. அப்போதுதான் என்னை முதல்முதலாக ஏமாற்றினார்கள். ஏமாற்றியது வெளியாளும் இல்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நைனா ஒரு ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. ஆந்திரா எல்லை பக்கம் என்பதால் அப்பாவை நைனா என்றே கூப்பிட்டு வளர்ந்தேன். அப்புறம் அம்மா, ஆறாம் வகுப்பு முடித்திருந்த நான், என் சித்தி. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் போனபின் அக்காள் வீட்டோடு வந்துவிட்டவள். பிளஸ் டூ முடித்ததும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவாள். திரும்பி வரும்போது பையில் கிழிந்த அட்டைப் பெட்டித் துண்டுகள் இருக்கும். ஒரு பக்கம் கம்பெனி பெயர், மறு பக்கம் அவள் வரைவதற்கு.

அவள் வரைந்தால் நாய் குரைக்கும் என்று நைனா சொல்வார். பக்கத்து வீட்டு நாயை வரைந்து ஜன்னலில் வைத்தபோது நிஜமாகவே அந்த நாய் குரைத்தது. அதை நைனா மில் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சித்தி மெதுவாகப் பேச்சை எடுத்தாள். "மாமா, மெட்ராஸ்ல படம் வரையறதுக்குன்னே காலேஜு இருக்குது. பரீட்ச வெச்சி எடுக்கறாங்க. நாம வரைஞ்சது ஒண்ணு பெருசா எடுத்துக்கினு போயிக் காட்டணும்."

அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "கெடச்ச வேலைய உட்டுட்டா? இன்னாடி பேஜாரு இது?" என்றாள்.

நைனா ஒரு கவளத்தை மென்று முடித்தார். "வரைம்மா நீ. நல்லா வரையி. பரீட்சைக்கு நானே இட்டுக்கினு போறேன்" என்றார். அப்படியே, இதே வார்த்தைகளில்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. மெஷின் வந்து இறங்கிய மரப்பெட்டியின் பலகை ஒன்றை மில்லிலிருந்து சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். என் உயரத்துக்கு இருந்தது. அதன் பின்பக்கம் கறுப்பு மையில் ஒரு குடை, ஒரு கோப்பை, மேலே பார்த்த இரண்டு அம்புகள். நனையக்கூடாது, உடையும் பொருள், இந்தப் பக்கம் மேலே என்று அதற்கு அர்த்தமாம். மெஷினுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டப்பாக்களும் வந்தன. துருச் சிவப்பு, சாம்பல், மஞ்சள், வெள்ளை, அடியில் கட்டி தட்டிப்போன கொஞ்சம் நீலம். வாடை தலையைச் சுற்றும். டர்பன்டைனில் கை கழுவிக் கழுவிச் சித்தியின் விரல்கள் தோலுரிந்தன. அந்த மனுஷர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் பாசம் வரத்தான் செய்கிறது. அதனால்தான் வயிறு அதிகமாக எரிகிறது.

என்ன படம் வரைவது என்பதைச் சித்தி முன்பே முடிவு செய்திருந்தாள். பழைய பேப்பர் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பளபளப்பான தாளைப் பாயின் அடியில் வைத்திருந்தாள். வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து கிழிந்து வந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்கார ஓவியப் பெண் ஒருத்தி தன்னையே வரைந்திருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், நடுவில் வெள்ளை உடையில் அவள்.

"இந்தப் பக்கம் இருக்கறது பாட்டு. அந்தப் பக்கம் படம். இவளுக்கு ரெண்டும் வரும். ரெண்டும் இவளக் கூப்புடுது. பாட்டோட கைய உடாம புடிச்சிக்கினே படத்துப் பக்கம் சாயறா பாரு" என்று சித்தி காட்டினாள்.

"பாட்டு எப்படி சித்தி பொம்பளையா இருக்கும்?"

"காவேரி பொம்பளையா இல்லையா? அதுமாரிதான்."

"உனக்குப் பாட்டு வராதே?"

"எனக்குக் கம்பெனிதான்" என்று சொல்லிச் சித்தி சிரித்தாள்.

அப்படித்தான் அந்தப் படம் ஆரம்பமானது. நடுவில் சித்தி. இடப்பக்கம் கம்பெனி, அதற்கு அம்மா முகம். கையில் டிபன் கேரியர், கழுத்தில் அட்டை. மறு கை சித்தியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அது முரட்டுப் பிடி இல்லை, காய்ச்சல் பார்ப்பதுபோலப் பிரியமான பிடி. வலப்பக்கம் படம் என்கிற பெண். தூரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி, ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு அடியில் நிற்கிற சென்ட்ரல் லோக்கல் ரயிலைக் காட்டுகிறாள். அவளுக்கு என் முகம்.

என் முகம்! பதினோரு வயசு முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பெரிய பெண்ணாக ஆக்கினாளோ. "இன்னும் பத்து வருஷம் போனா இப்படித்தான் இருப்ப" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு கையை நீட்டி நின்றேன். தோள் கழன்றுவிடும்போல வலிக்கும். ஆடினால் திட்டுவாள், ஆடாமல் நின்றால் கமர்கட் தருவாள். அம்மா கேரியரோடு நின்றபடியே, "குடும்பப் படம் வரையறதா இருந்தா எதுக்குடி எனக்குக் கேரியரு? அவர ஏன் உட்டுட்ட?" என்பாள். படத்தில் தான் யாரென்று கடைசிவரை அம்மாவுக்குத் தெரியாது.

உங்களுக்கு என் வலக்கை மோதிர விரல் நினைவிருக்கும். கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போனது. அதற்காக நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரை நான் மறக்கவில்லை, கவலைப்படாதீர்கள். படத்திலாவது அதை நிமிர்த்திவிடு என்று கெஞ்சினேன். "கோணலா இருந்தாதான்டி அது நீ. யாரோ ஒருத்தி ரயிலக் காட்டுனா நான் எதுக்குப் போறேன்?" என்றாள். நான் அன்றைக்கு எவ்வளவு உயரமாக நடந்தேன் தெரியுமா. காலேஜில் சேர்ந்ததும் முதல் சனிக்கிழமை என்னை மெட்ராஸுக்கு இட்டுக்கொண்டு போவதாகவும் சொல்லியிருந்தாள்.

படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒரு சாயங்காலம் நைனா வேலை முடிந்து வந்து, சட்டைகூடக் கழற்றாமல் சொன்னார். "அந்தக் காலேஜு ஆளு ஒருத்தரப் புடிச்சிட்டேன்மா. ஞாயித்துக்கெழம குடும்பத்தோட பழவேற்காடு போறாராம், பறவை பாக்க. போற வழில நம்ம ஊட்டாண்ட எறங்கி உன் படத்தப் பாத்துட்டுப் போவாரு. அவருக்குப் புடிச்சிதுன்னா பரீட்ச சும்மா பேருக்குத்தான்."

சித்தி கையில் இருந்த தூரிகை பாவாடையில் மஞ்சளை இழுத்துவிட்டது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

அந்த வாரம் வீடு திருவிழாக் கோலம் பூண்டது. நானும் சித்தியும் பலகைக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்து ஹாலில் நிமிர்த்தினோம். நைனா என்னைத் தனியே கூப்பிட்டு, "சித்திய அம்மாவோட பச்சைப் பட்ட கட்டிக்கச் சொல்லு. பெரிய மனுஷங்க வராங்க. நீ சொன்னாதான் கேக்கும்" என்றார். நான் சொன்னேன், சித்தி கேட்டாள். பூ வாங்கி வரவும் என்னைத்தான் அனுப்பினார். "வரவங்களுக்குக் குடுக்கறதுக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். சித்தியே வந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பொண்ணு பாக்க வராப்ல சொஜ்ஜி பஜ்ஜி?" என்று கேலி செய்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "வந்தவங்களுக்கு நாஷ்டா குடுக்க வேணாமா?" என்றாள். முகத்தைத் திருப்பவே இல்லை. புகை கண்ணில் பட்டதாக நினைத்தேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. புகை எங்கிருந்து வரும் என்று எனக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

வேனில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். சார், சாரின் அம்மா, சாரின் அக்கா. சார் ஒல்லியாக, சட்டைப்பையில் பேனாவோடு, நான் நினைத்ததைவிட இளவயதாக இருந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் அம்மா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "லட்சுமி, சரஸ்வதி. அப்பா! இன்னா களை!" என்றார். மஞ்சள் பெயிண்டில் மின்னிய டிபன் கேரியர் அவர் கண்ணுக்குப் பொற்குடமாகத் தெரிந்திருக்கிறது. என் வெள்ளை கவுன் சரஸ்வதியின் வெள்ளைப் புடவை ஆகிவிட்டது.

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். "சாமி இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சாரைப் பார்த்து விளக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கம்பெனி யார், படம் யார், ஏன் மணிக்கட்டு, ஏன் ரயில். கம்பெனியைத் தான் வெறுக்கவில்லை, அது போட்ட சோற்றைத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் போகவேண்டியது அந்தப் பக்கம் என்றாள். பச்சைப் பட்டின் முந்தானை நழுவுவதுகூடத் தெரியாமல் கையை ஆட்டிப் பேசினாள். நைனா தூணோரம் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடிப்பில்லை, நிஜப் பெருமைதான்.

சார் நன்றாகக் கேட்டார். கடைசியில் குனிந்து பலகையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்து, "ரெண்டு பேரும் கைய இழுக்கறாங்க, சரி. உங்க காலு எந்தப் பக்கம் திரும்பியிருக்குது? காலக் காணமே?" என்றார்.

சித்தியும் குனிந்து பார்த்தாள். அந்த இடம் இன்னும் வெறும் பலகைதான். "கால் இன்னும் வரையல சார். இதுவரைக்கும் யாருமே இதக் கேக்கல. வரைஞ்சிட்டுக் காட்டறேன் சார்" என்றாள். சொல்லும்போதே விரலால் அந்த வெறும் இடத்தைத் தடவினாள். தன் படத்தைப் புரிந்துகொண்ட ஒரு ஆளைக் கண்ட சந்தோஷம் அது.

புறப்படும்போது, பூத்தட்டை எடுத்துக்கொண்டு வரும்படி நைனா எனக்குக் கண் காட்டினார். சாரின் அம்மா சித்தியைக் கிட்டே கூப்பிட்டு, குங்குமம் இட்டு, என் தட்டிலிருந்த மல்லிகையை எடுத்து, "குனிம்மா" என்றார். நம் வீடுகளில் வந்த சுமங்கலி பூக் கொடுத்தால் வேண்டாம் என்போமா? சித்தி சிரித்த முகத்தோடு குனிந்தாள். அந்த அம்மாள் பூவை வைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய நின்றிருந்தேன்.

வேன் போனதும் சித்தி கேட்டாள். "சார் ஒத்துக்கினாரா மாமா?"

"முழுசா ஒத்துக்கினாரும்மா" என்று நைனா அவள் வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டார்.

"சீட்டு கெடச்சிச்சு!" என்று நான் குதித்தேன்.

அம்மா ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இன்னா சீட்டு? பூ வெச்சிட்டாங்கடி உனக்கு! மணவாள நகர்ல சொந்த ஊடு, ஒரே பையன், கவர்மென்ட் ஆபீஸ் வேல. பழம் நழுவிப் பாலுல உழுந்துச்சுடி."

சித்தி சர்க்கரையை விழுங்காமல் நின்றாள். "அப்ப அந்த சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"அவருதாம்மா மாப்பிள்ள" என்றார் நைனா. "பொண்ணு பாக்க வராங்கன்னா நீ ரூமுக்குள்ள பூந்துக்குவ. போன தடவ அதான ஆச்சி? இப்ப பாரு, எவ்ளோ தைரியமாப் பேசுன. அவங்க அசந்துட்டாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நான் ஒண்ணுதான் சொன்னேன்."

"நான் வேணாம்னு சொல்றேன் மாமா."

"தல குனிஞ்சி வாங்கிக்கினியே" என்றாள் அம்மா. "பூ வெச்ச பொண்ணு அப்புறம் வேணாம்னுச்சாம்னு பேரு வந்தா, நாளைக்கு யாருடி உன்னத் தேடி வருவா? அந்தம்மா மொகத்துல நாங்க எப்டி முழிக்கறது?"

இவர்கள் வீட்டில் இருந்துகொண்டு, இவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு, அவள் என்ன சொல்ல முடியும்? பின்கட்டுக்குப் போய்த் தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். அவள் தலையிலிருந்த பூவைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பட்டுப் பொடவ கட்டச் சொன்னவ நீ. பூ வாங்கியாந்தவ நீ. தட்டப் புடிச்சிக்கினு சிரிச்சிக்கினு நின்னவளும் நீதான?"

"எனக்குத் தெரியாது சித்தி. சத்தியமா தெரியாது."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தெரியாது. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என்னிடம் சொன்ன பொய்யும் அதே பொய்தான். சித்தியை ஒருதரம் ஏமாற்றினார்கள். என்னை வைத்து அவளை ஏமாற்றி, என்னையும் சேர்த்து ஏமாற்றினார்கள். பெற்ற தகப்பன் பிள்ளையின் கையில் தட்டைக் கொடுக்கும்போது, அந்தப் பிள்ளை காலம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நிற்குமே என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கமாட்டாரா?

படத்தையும் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டு அம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சீர்வரிசையோடு அதுவும் வரட்டும், நடுவில் இருக்கும் பெண்ணை மட்டும் அம்பாளாக மாற்றிவிட்டால் முப்பெரும் தேவியரும் அமைந்துவிடும், பூஜையறையில் மாட்டலாம் என்று சொல்லி அனுப்பினார். சித்தி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாற்ற ஆரம்பித்தாள். பரீட்சை நாளும் அந்த வாரத்தில்தான் வந்து போனது. அன்றைக்கு நைனா வேலைக்குப் போனார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை பெயிண்டில் தூரிகையை முக்கி, முதலில் அவள் அழித்தது தன் முகத்தையும் இல்லை, அம்மா முகத்தையும் இல்லை. என் முகத்தை. நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் நிதானமாக இழுத்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கல்யாணம், காட்சி, வளைகாப்பு என்று எல்லாம் முறைப்படி நடந்தன. சித்தி எல்லோரிடமும் பேசுவாள், நைனாவிடம்கூட. என்னிடம் மட்டும் "சாப்ட்டியா?" என்பதற்கு மேல் போகமாட்டாள். நான் மணவாள நகருக்குப் போகவேண்டி வந்தாலும் பூஜையறைப் பக்கம் போகாமல் திரும்பிவிடுவேன்.

நைனா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் வேப்பம்பட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கச் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தப்பா வீட்டில் இல்லை. நல்ல மனுஷர் அவர், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பத்திரிகையைச் சாமி முன்னால் வைத்து எடுக்கச் சொல்லிச் சித்தி முன்னே போனாள். வேறு வழியில்லாமல் பின்னால் போனேன்.

சீரியல் பல்பு மின்னலுக்கு நடுவே பலகை நின்றிருந்தது. மூன்று தேவியருக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். மூன்றும் ஒரே மாதிரிக் காலண்டர் முகங்கள். ரயில் நின்ற இடத்தில் தாமரைக் குளம். நடுவில் இருப்பவளின் கால் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கே இடமில்லாமல் ஒரு பெரிய தாமரை மூடியிருந்தது. நான் அந்தக் கையைத் தேடினேன். கை இருந்தது, ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தது. மோதிர விரலை நிமிர்த்தியிருந்தாள்.

"கால் வரையவே இல்லயா சித்தி?"

"எங்க வரையறது? அவரும் அதுக்கப்புறம் படத்தப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்ல" என்றாள், விளக்குத் திரியைத் தூண்டியபடி.

இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. "சித்தி, அன்னைக்கு எனக்கு நெஜமாவே தெரியாது."

அவள் திரும்பவில்லை. "தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. தொட்டியாண்ட உன் மூஞ்சியப் பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சு."

"அப்புறம் ஏன் சித்தி?"

"யாரையாவது கோச்சிக்கணும் இல்ல? உங்க நைனாவக் கோச்சிக்கினா நான் எந்த ஊட்டுக்குப் போவேன்? அக்காவக் கோச்சிக்கினா அது படுத்துக்கும். இவரக் கோச்சிக்கினா வாழறது எப்டி? நீ ஒருத்திதான் இருந்த. உன்னக் கோச்சிக்கினா எனக்கு ஒண்ணும் ஆவாது."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. வெங்காயம் என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னாள். நைனா செய்தது ஒருநாள் பொய். இது அப்படியா? தெரிந்தே, வருஷக்கணக்காக, ஒவ்வொரு விசேஷத்திலும் என்னைப் பார்த்தும் பாராமல் போயிருக்கிறாள். நானும் செய்யாத தப்புக்கு ஒவ்வொரு முறையும் தலை கவிழ்ந்து நின்றிருக்கிறேன்.

பத்திரிகையை வைத்துவிட்டுக் கிளம்பினேன். "இரு, வெறும் நெத்தியோட போவாத" என்று சித்தி குங்குமச் சிமிழை நீட்டினாள். பலகைக்குச் சாத்தியிருந்த சரத்திலிருந்து ஒரு சாண் மல்லிகையைக் கிள்ளிக்கொண்டு என் பின்பக்கமாக வந்தாள்.

"குனி, வெச்சி உடறேன்."

நான் குனியவில்லை. அவள் பக்கம் திரும்பி வலக்கையை நீட்டினேன். "கைல குடு சித்தி."

தோள் வலித்தாலும் ஆடாமல் நின்றேன். அந்தக் கோணல் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் பூவைக் கையில் வைத்தாள்.